பூவரசடியில் கிடந்த குளிசை

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு 33 வயது. தென்மராட்சியில் ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தின் செயலாளர். 2024 டிசெம்பரில் எலிக்காய்ச்சல் பரவியபோது சுகாதாரப் பகுதியினர் வயலுக்கே வந்து தடுப்புக் குளிசை கொடுத்தார்கள். அப்பா அதை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவர்கள் போனதும் பூவரச வேலிக்குள் எறிந்துவிட்டார். ஏன் என்று கேட்டால், "கொரோனாவுக்குள்ள, செத்தவனைத் தாட்டால் தண்ணி கெட்டுப்போகும், எரி எண்டவை உவைதானே? பிறகு தாட்டால் பிரச்சினை இல்லை எண்டவையும் உவைதானே? உவை தாறதை நான் ஏன் விழுங்க வேணும்?" என்கிறார். எனக்குப் பதில் வரவில்லை. இப்போது எங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.), அடுத்த மாரிக்கு முன் கூட்டம் வைத்து "சனத்தை நம்ப வையுங்கோ" என்று கேட்கிறார். நாளைக்கு இன்னொரு கொள்ளைநோய் வந்தால் அரசாங்கம் சொல்வதை எங்கள் சனம் ஏன் நம்ப வேண்டும்? எதைச் சொல்லி நான் கூட்டம் கூட்டுவது?

பதில்:

தம்பி, உங்கள் அப்பா கேட்டது சரியான கேள்வி. குளிசையை எறிந்தது பிழை. இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டாமல் விட்டால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. மற்றப் பாதி உங்கள் கையிலும் இல்லை, உங்கள் பி.எச்.ஐ.யின் கையிலும் இல்லை, கொழும்பில் இருக்கிறது. அதையும் கதைப்போம்.

நான் இந்த மாவட்டத்திலும் வன்னியிலும் சுகாதார வைத்திய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். அரசாங்கச் சம்பளம் எடுத்தவன் அரசாங்கத்துக்குத்தான் வக்காலத்து வாங்குவான் என்று அப்பா நினைக்கக் கூடும். இதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் எரிப்பு விஷயம். 2020 மார்ச் கடைசியில் வந்த சுகாதார அமைச்சின் முதல் வழிகாட்டலில் புதைக்கவும் இடம் இருந்தது. சில நாட்களிலேயே அதை மாற்றினார்கள். ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானியும் வந்தது: கோவிட்டால் இறந்தவர் எந்த மதமானாலும் எரிக்க வேண்டும். காரணமாகச் சொன்னது நிலத்தடி நீர். புதைப்பதில் தடையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் புதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மூச்சுக்காற்றால் தொற்றும் கிருமி உயிரில்லாத உடலுக்குள் பெருகாது. அது மண்ணைக் கடந்து கிணற்றுக்கு வந்துவிடும் என்பதற்கு எவரும் ஆதாரம் வைக்கவில்லை.

தண்ணீர் என்றதும் யாழ்ப்பாணத்தவனுக்கு நெஞ்சு பதறும். நாங்கள் ஆறில்லாத ஊர்க்காரர், சுண்ணாம்புக்கல்லில் தேங்கியதை அள்ளிக் குடிக்கிறவர்கள். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த காலத்தில், குடிக்கலாமா கூடாதா என்று ஆளுக்கொரு அறிக்கை விட்டதைச் சனம் இன்னும் மறக்கவில்லை. ஆகவே தண்ணீரைச் சொல்லிப் பயம் காட்டினால் இங்கே உடனே வேலை செய்யும். அது பொய்ப் பயம் என்று தெரியவரும்போது, அடுத்த முறை மெய்யாகவே தண்ணீரில் கிருமி இருக்கிறது என்று சொன்னாலும் காது கொடுக்க மாட்டார்கள். எலிக்காய்ச்சல் தேங்கிய தண்ணீரால் வருகிற வருத்தம் என்பதை யோசித்துப் பாருங்கள். உங்கள் அப்பா காது கொடுக்காமல் விட்டதும் அதனால்தான்.

அந்த உத்தரவு முஸ்லிம் மக்களைத்தான் கூடுதலாக வதைத்தது. கல்லறையில் அடக்கம் செய்கிற எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களும் தப்பவில்லை. 2020 டிசெம்பரில் பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தையைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமலே எரித்தார்கள். சனம் பொரளை மயானத்து வேலியில் வெள்ளைத் துணித்துண்டுகளைக் கட்டிவிட்டுப் போனது. அந்த மாதக் கடைசியில் எங்கள் துறையின் சங்கமான சமுதாய மருத்துவர்கள் கல்லூரி, புதைப்பதற்கும் இடம் கொடுக்கலாம் என்று எழுத்தில் சொன்னது. இலங்கை மருத்துவச் சங்கமும் அதையே சொன்னது. ஒன்றும் நடக்கவில்லை. 2021 பெப்ரவரி 10ஆம் திகதி புதைக்க அனுமதிப்போம் என்று பிரதமர் பாராளுமன்றத்தில் சொன்னார். மறுநாளே, அதை நிபுணர் குழுதான் தீர்மானிக்கும் என்று அரசாங்கத் தரப்பிலிருந்தே மறுத்தார்கள். பிறகு 23ஆம், 24ஆம் திகதிகளில் பாகிஸ்தான் பிரதமர் வந்து போனார். 25ஆம் திகதியிட்ட வர்த்தமானி புதைக்கலாம் என்றது. மார்ச் தொடக்கத்தில் கிழக்கில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது.

24ஆம் திகதிக்கும் 25ஆம் திகதிக்கும் இடையில் கிருமி மாறவில்லை. ஆய்வுகூடத்தில் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவும் இல்லை. அப்பாவுக்கு இது விளங்கியிருக்கிறது. 2024 ஜூலையில் அமைச்சரவை முஸ்லிம் மக்களிடம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. கேட்காமல் விட்டதை விட நல்லது. மூன்று வருடத்துக்கு மேல் பிந்தியது.

இந்தப் பிழையை உலகத்தில் முதலில் விட்டது நாங்கள் இல்லை. 2014இல் எபோலா நேரம் லைபீரியாவின் தலைநகர் மொன்றோவியாவில் இறந்தவர்களை எரிக்க உத்தரவு போட்டார்கள். எபோலாவில் பிணத்தைத் தொட்டாலே தொற்றும் என்பதால் அங்கே ஒரு நியாயமாவது இருந்தது. அப்படியிருந்தும் சனம் என்ன செய்தது? வருத்தக்காரரை வீட்டுக்குள் ஒளித்தது, இரவோடு இரவாகத் தாட்டது. அந்த வருடக் கடைசியில் நகரத்துக்கு வெளியே ஒரு மயானம் ஒதுக்கி, உறவினர் தூர நின்று பார்க்க, மரியாதையோடு அடக்கம் செய்யத் தொடங்கிய பிறகுதான் ஒளிப்பது குறைந்தது. அதே நகரத்தில் வெஸ்ட் பொயின்ட் என்ற சேரியை ஓகஸ்டில் இராணுவம் முட்கம்பி போட்டு அடைத்தது. கலவரத்தில் 15 வயதுப் பையன் சூடுபட்டு இறந்தான். பத்தாம் நாள் கம்பியைக் கழற்றினார்கள். 2020இல் இதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரிந்திருந்தும் இங்கே முதலில் கூப்பிட்டது இராணுவத்தைத்தான்.

கோவிட் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையத்துக்குத் தலைவராக இருந்தவர் இராணுவத் தளபதி. தனிமைப்படுத்தல் நிலையங்கள் பல படை முகாம்களுக்குள். தொற்றியவர் யார் யாரைச் சந்தித்தார் என்று தேடும் வேலையில் புலனாய்வுத் துறையும் இருந்தது. மாத்தறையில் இருக்கிற ஒருவருக்கு இது 'ஒழுங்கான ஏற்பாடு' என்று பட்டிருக்கலாம். இங்கே? "உங்கட வீட்டுக்கு ஆர் ஆர் வந்து போனவை?" என்று சிவில் உடுப்பில் ஒருவர் வந்து கேட்டால் இந்த மண்ணில் எந்தத் தாய் உண்மை சொல்லுவாள்? முப்பது வருடமாக அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லியே பிள்ளையைக் காப்பாற்றிய சனம் இது. தொற்றுநோய்க்காரனான எனக்கு வேண்டியதும் அதே கேள்விக்கான விடைதான். எனக்கு முன்னால் வேறொருவர் போய்க் கேட்டுவிட்டதால் நான் கேட்டபோது கதவு சாத்தியிருந்தது.

2020 ஏப்ரலில் ஒரு நாள் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு கிழவியின் மகனுக்குத் தொற்று. வீட்டைத் தனிமைப்படுத்தப் போனோம். படலையில் நானும் பி.எச்.ஐ.யும். எங்களுக்குப் பின்னால், நாங்கள் கேட்காமலே, துவக்கோடு இரண்டு பேர். கிழவி முற்றத்தில் ஒடியல் காயப்போட்டிருந்தாள். ஒரு கையால் காகம் கலைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாள்: "தம்பி, என்ர பிள்ளைக்கு வந்தது வருத்தமோ, இல்லாட்டிக் குற்றமோ?" நான் ஏதோ சமாளித்தேன். ஒட்டிவிட்டு வந்த நோட்டீஸில் சிங்களம் பெரிதாகவும் தமிழ் கீழே எழுத்துப்பிழையோடும் இருந்தது என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியரான டொக்டர் கிறீன் உட்கார்ந்து மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே மாணவருக்கு வைத்தியம் படிப்பித்து நூற்றைம்பது வருடம் கடந்துவிட்டது. 2020இல் சில சுற்றறிக்கைகள் என் மேசைக்குத் தமிழில் வந்து சேர்வதற்குள் நோய் அடுத்த தெருவுக்குப் போயிருந்தது.

கோவிட்டைத் தடுக்கும் என்று கேகாலையில் ஒருவர் கொடுத்த பாணிமருந்தின் கதையை நீட்ட விரும்பவில்லை. 2020 டிசெம்பரில் ஆயிரக்கணக்கான சனம் அந்தப் போத்தலுக்கு இடிபட்டது. சுகாதார அமைச்சரே அதைக் குடித்துக் காட்டினார். ஜனவரியில் அவருக்கே தொற்று. ஒரு கையில் பாணிப் போத்தல், மறு கையில் 'விஞ்ஞானிகள் சொல்வதைக் கேளுங்கள்' என்ற பதாகை. எதைப் பார்ப்பது?

சரி, இவ்வளவும் சொல்லிவிட்டு, பிறகு ஏன் குளிசையை எறிந்தது பிழை என்கிறேன்?

உங்களுக்கு 33 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் பிறந்த நேரம் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தடை, சவர்க்காரத்துக்குத் தடை, பற்றரிக்குத் தடை. மேலே விமானம். உங்கள் இடது தோளைப் பாருங்கள், பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருக்கும். யார் போட்டது, அந்த மருந்து எங்கேயிருந்து வந்தது என்று அப்பாவிடம் கேளுங்கள்.

அது கொழும்பிலிருந்து வந்தது தம்பி. குண்டு போட்ட அதே அரசாங்கத்தின் சுகாதாரத் திணைக்களம் அனுப்பி, செஞ்சிலுவைக் கொடி கட்டிய கப்பலோ வாகனமோ கொண்டுவந்து, குளிர்ப்பெட்டியில் ஐஸ் கரைவதற்குள் ஒரு குடும்பநல மாது (மிட்வைஃப்) சைக்கிளில் கட்டி உங்கள் ஊருக்குக் கொண்டுவந்தாள். அவளுக்குச் சம்பளம் கொடுத்ததும் அதே அரசாங்கம். அப்பா உங்களைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டிலடியில் வரிசையில் நின்றார். அவர் அந்த நேரம் அரசாங்கத்தை நம்பினாரா? நிச்சயமாக இல்லை. அவர் நம்பியது அந்தப் பெண்ணை. உங்கள் அம்மா பிள்ளைத்தாச்சியாக இருந்தபோதே படலை திறந்து வந்து கால் வீக்கம் பார்த்தவளை.

1990களின் நடுவில் போலியோச் சொட்டு மருந்து நாட்கள் தொடங்கியபோது, யுனிசெப் இடையில் நின்று கதைத்து, சொட்டு மருந்துக்காக இரண்டு தரப்பும் அந்த நாட்களில் சண்டையை ஓயவைத்தன. எங்கள் போராட்டத்தின் கதையை எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்து போகிறார்கள். எனக்கு இது ஒரு அத்தியாயம். நுளம்பு மருந்து அடிக்கிற மலேரியா ஒழிப்பு இயக்கத்துக்காரரும் இரண்டு பக்கமும் வேலை செய்தார்கள். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். உள்நாட்டு மலேரியா 2012இல் நின்று, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. நடுவில் ஒரு முழுப் போர். அரசியல் நம்பிக்கை பூச்சியத்தில் இருந்த இடத்தில் சுகாதார நம்பிக்கை உயிரோடு இருந்தது. ஏனென்றால் அந்த வேலையைத் துவக்கிலிருந்து தள்ளிவைத்திருந்தார்கள்.

ஆகவே 'அரசாங்கத்தை நம்பலாமா' என்பது மிகப் பெரிய கேள்வி. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அதற்கு 'ஓம்' என்று சொல் என எவரையும் நான் கேட்க மாட்டேன். 'இந்தக் குளிசையை, இந்த ஆள், இந்தக் காரணத்துக்காகத் தருகிறார், நம்பலாமா' என்பது வேறு கேள்வி. அதற்கு ஆராய்ந்து பதில் கண்டுபிடிக்கலாம். எரிப்பு உத்தரவையும் இந்தக் குளிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எரிப்பு உத்தரவுக்கு எதிராக நாட்டின் மருத்துவச் சங்கங்களே பேசின, உலகம் வேறு மாதிரிச் செய்தது, காரணம் கேட்டவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. இந்தக் குளிசையான டொக்சிசைக்கிளினைத் தெற்கில் சிங்கள விவசாயிகளுக்கும் வருடக் கணக்காகக் கொடுக்கிறார்கள், எந்த மருத்துவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும், காரணமும் மூடுமந்திரமில்லை. 2024இல் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பெருமழை, வெள்ளம், பிறகு காய்ச்சலோடு சனம் வரிசையாக வைத்தியசாலைக்கு வந்தது, சிலர் இறந்தார்கள். முதலில் என்ன காய்ச்சலென்றே தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் எங்கள் மருத்துவர்களும் சொன்னார்கள். இரத்த மாதிரியை வெளியே அனுப்பிப் பார்த்து எலிக்காய்ச்சல் என்று உறுதியான பிறகுதான் குளிசையோடு வயலுக்கு இறங்கினார்கள். தெரியாததைத் தெரியாது என்றவன், தெரிந்த பிறகு வந்து சொல்கிறான். அவனுக்கு ஒரு காது கொடுக்கலாம்.

இதில் என் பிழை ஒன்றும் உண்டு, சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் ஒரு கோயில் மண்டபத்தில் நின்று, "வருத்தம் இல்லாதவை மாஸ்க் போடத் தேவையில்லை" என்று அடித்துச் சொன்னேன். அன்றைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும் அதுதான், ஜூன் 5ஆம் திகதிதான் அவர்கள் மாற்றினார்கள். அதற்கு முன்பே நான் அதே சனத்திடம் போய் எல்லோரும் மாஸ்க் போடுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், "டொக்டர், போன மாசம் வேற கதையெல்லோ சொன்னனீங்கள்?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். எனக்கு முகம் சுட்டது. மார்ச்சில் நான் "இப்போதைக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மாறினால் நானே வந்து சொல்லுவேன்" என்று ஒரு வசனம் சேர்த்திருந்தால் போதும். சேர்க்கவில்லை. அடித்துச் சொன்னால்தான் சனம் கேட்கும் என்று எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். அன்றைக்குக் கடைக்காரரிடம், "ஓம், பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றேன். அவர் அதற்குப் பிறகு தன் கடை வாசலில் மாஸ்க் இல்லாதவரை உள்ளே விடவில்லை.

டென்மார்க்கில் ஆய்வாளர்கள் இதையே பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தடுப்பூசியின் குறைபாட்டையும் மறைக்காமல் சொன்னால் உடனடியாக ஊசி போடச் சம்மதிப்பவர் தொகை கொஞ்சம் குறையத்தான் செய்கிறது, ஆனால் சொன்னவர் மேல் நம்பிக்கை கூடுகிறது. பூசி மெழுகினால் ஊசியும் ஏறாது, நம்பிக்கையும் போகும். அந்த நாடு 2021 ஏப்ரலில் இரத்தக்கட்டி ஆபத்தைக் காரணம் காட்டி அஸ்ட்ராசெனகாவைத் தன் திட்டத்திலிருந்து முற்றாக நிறுத்தியது. சனம் ஊசியையே கைவிட்டுவிடும் என்று வெளியே இருந்தவர்கள் பயந்தார்கள். டேனிஷ்காரர் வரிசையில் வந்து மற்ற ஊசிகளைப் போட்டார்கள். பக்கத்து நோர்வேயில் தன் 60ஆவது பிறந்தநாளுக்கு விதியை மீறி ஆள் கூட்டிய பெண் பிரதமருக்கு அந்நாட்டுப் பொலிஸே 20,000 குரோனர் தண்டம் எழுதியது. எங்கள் நாட்டுப் பொலிஸை வைத்து இதைக் கற்பனை செய்து பார்த்தேன். முடியவில்லை.

இன்னொரு கணக்கு உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். 2022இல் லான்செட் சஞ்சிகையில் 177 நாடுகளின் கோவிட் தரவை வைத்து ஒரு ஆய்வு வந்தது. எத்தனை வைத்தியசாலை, எவ்வளவு தயார்நிலை என்ற புள்ளிகள் தொற்றின் அளவோடு பெரிதாக ஒத்துப்போகவில்லை. 2019இல் தயார்நிலைப் பட்டியலில் முதலிடம் அமெரிக்காவுக்கு, நடந்ததை உலகம் பார்த்தது. ஒத்துப்போனது நம்பிக்கை. எல்லா நாடுகளிலும் அரசாங்கத்தின் மேலான நம்பிக்கை டென்மார்க் அளவுக்கு இருந்திருந்தால் தொற்று 13 வீதம் அளவில் குறைந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். சனம் ஒருவரையொருவர் நம்புவது டென்மார்க் அளவுக்கு இருந்திருந்தால்? 40 வீதம். ஒத்துப்போவதெல்லாம் காரணமாகிவிடாது, அதை அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றைக்கு எனக்கு அரியாலைதான் ஞாபகம் வந்தது.

2020 மார்ச் 15ஆம் திகதி அரியாலையில் ஒரு தேவாலய ஆராதனை. அதை நடத்தப் போதகர் சுவிஸிலிருந்து வந்திருந்தார். திரும்பிப் போன பிறகு அவருக்குத் தொற்று என்று தெரியவந்தது. யாழ்ப்பாணத்தின் முதல் நோயாளியும் அந்த ஆராதனையோடு தொடர்பானவர். மாவட்டமே ஊரடங்குக்குள் மூடுண்டு கிடந்தது. அந்தக் கிழமை எங்கள் சனம் கதைத்த கதை இருக்கிறதே! ஆராதனைக்குப் போனவர்களை வைரஸை விடக் கேவலமாகத் திட்டினார்கள். சமயம், சாதி, 'வெளிநாட்டுக் காசு' எல்லாம் முகநூலில் இறங்கியது. விளைவு எனக்குத் தெரியும்: போனவர்களில் சிலர் தாங்களாகவே வந்து பெயர் கொடுக்கப் பயந்தார்கள். இராணுவத்துக்கு அல்ல, பக்கத்து வீட்டுக்கு. அந்த வருடம் டிசெம்பரில் மருதனார்மடம் சந்தையிலிருந்து தொற்றுப் பரவியபோதும் அதே கதை, அதே வாய்கள். அரசாங்கம் செய்ததை அப்பா நினைவு வைத்திருக்கிறார், நல்லது. நாங்கள் ஒருவருக்கொருவர் செய்ததையும் யாராவது நினைவு வைத்திருக்க வேண்டும்.

சரி, கூட்டத்துக்கு வருவோம்.

'நம்ப வையுங்கோ' என்ற சொல்லை பி.எச்.ஐ.யிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் நல்லவராகவே இருப்பார், நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். டெங்கு நுளம்புக் குடம்பிக்காக உங்கள் வீட்டுச் சிரட்டையைக் கவிழ்த்துப் பார்த்து வழக்குப் போடுகிறவரும் அவர்தான், குளிசை நீட்டுகிறவரும் அவர்தான். இரண்டும் ஒரே கை. கூட்டத்துக்கு வரும்போது வழக்குப் புத்தகத்தை அலுவலகத்தில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். வந்தவர் வீட்டுக்கு அந்தக் கிழமை பரிசோதனைக்குப் போவதில்லை என்று அவர் வாயாலேயே சொல்லட்டும்.

முதலில் பேச வேண்டியவர் உங்கள் பகுதிக் குடும்பநல மாது. அவரிடம் மைக்கைக் கொடுக்காதீர்கள், மைக் வந்தால் அவரும் மேடைத் தமிழில் பேசத் தொடங்கிவிடுவார். எங்கள் ஊர்க் கூட்டங்களில் மங்கள விளக்கு, இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை என்று முக்கால் மணித்தியாலம் போய், சனம் கேள்வி கேட்கும் நேரத்தில் பிளேன்ரீ வந்துவிடும். தலைகீழாகச் செய்யுங்கள். பிளேன்ரீயை முதலில் கொடுங்கள். பிறகு கேள்வி. பொன்னாடை வேண்டாம், அரசியல்வாதி வேண்டவே வேண்டாம். நேரம், வயலால் வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு. 'பகல் பத்து மணிக்குக் கூட்டம்' என்றால் வயலுக்குள் இறங்குகிற ஒருவரும் வரமாட்டார், வயலுக்கே போகாத நாங்கள் பத்துப் பேர்தான் இருப்போம்.

வாசிகசாலை மேசையில் ஒரு கொப்பியை வைத்துவிடுங்கள். சனம் கேட்டதை, குறை சொன்னதை, 'குளிசை விழுங்கின பிறகு வயிறு எரிஞ்சது' என்பது வரைக்கும் திகதியோடு எழுதட்டும். பி.எச்.ஐ. அல்லது வைத்திய அதிகாரி இரண்டு கிழமைக்கு ஒருதரம் வந்து பதிலையும் அதே கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைக்கட்டும். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதட்டும். அவர்கள் சம்மதிக்காவிட்டால் கூட்டத்தை நீங்களும் பொறுப்பெடுக்காதீர்கள். நீங்கள் சொந்தப் பெயரை அடகு வைத்து இன்னொருவர் பேச்சுக்கு ஆள் கூட்டுகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். இந்த ஊரில் நாளைக்கும் இருக்கப் போவது நீங்கள்.

ஒருவருக்கு வருத்தம் வந்தால் அவர் பெயரையோ படத்தையோ நிலையத்தின் வட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது என்பதை மட்டும் அன்றைக்கே, எல்லோரும் இருக்கும்போதே, தீர்மானமாக எழுதிவிடுங்கள்.

அப்பாவிடம் தர்க்கம் வேண்டாம். "நீங்கள் சொன்னது சரி, எரிப்பு விஷயத்தில் அவர்கள் செய்தது பிழை, டொக்டரும் எழுதியிருக்கிறார்" என்று தொடங்குங்கள். அங்கேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள். உடனே 'ஆனால்' என்று தாண்டிக் குதிக்காதீர்கள். பிறகொரு நாள் தோள் தழும்பைக் காட்டி அந்த மிட்வைஃபின் பெயரைக் கேளுங்கள். அவருக்கு ஞாபகம் இருக்கும்.

குளிசையைப் பற்றிச் சொல்லும்போது கூட்டிச் சொல்ல வேண்டாம். அது முழுக் காப்பு இல்லை, ஆபத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். வயல் வேலை நடக்கும் காலத்தில், வைத்திய அதிகாரி சொல்கிற அளவில், வாரத்துக்கு ஒரு தடவை. சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு. பாலோடு வேண்டாம். விழுங்கியதும் படுக்கக் கூடாது, நெஞ்செரியும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கொடுக்கக் கூடாது, வேறு குளிசை எடுக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டும். காலில் வெடிப்போ காயமோ இருந்தால் மூடிக்கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கட்டும். குளிசை எடுத்தவருக்கும் காய்ச்சலோடு கெண்டைக்கால் உளைந்தால், கண் சிவந்தால், சலம் (சிறுநீர்) குறைந்தால், பனடோலைப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். போய் டொக்டரிடம் முதல் வசனமாக, "நான் வயலுக்குள்ள இறங்கினனான்" என்று சொல்லச் சொல்லுங்கள்.